வீட்டில் உடற்பயிற்சிக்குப் பெரிய பந்து: நம் உயரத்துக்கு எது?



கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் வரவு செலவு படித்து முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் வாங்கியாகி விட்டது. எல்லோரும் எழுந்திருக்கும் நேரத்தில் ஒரு உறுப்பினர் அம்மா கையைத் தூக்கினார். கடன் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"மேடம், இந்தக் காத்து அடிச்ச பெரிய பந்து மேல உக்காந்தா இடுப்பு வலி போகும்னு சொல்றாங்களே, நெசமா? எம் பொண்ணு அதுல உக்காந்து கீழ விழுந்து கையை வீங்க வச்சிக்கிட்டா."

சிலர் சிரித்தார்கள். ஆனால் எழுந்த பத்துப் பதினைந்து பேர் மறுபடியும் உட்கார்ந்து விட்டார்கள். இடுப்பு வலி என்ற சொல்லைக் கேட்டால் நம் கூட்டத்தில் யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். நடவு நட்ட இடுப்பு, குடம் சுமந்த இடுப்பு, பிள்ளை பெற்ற இடுப்பு. வலி இல்லாதவர் யார்? அதனால் இந்த இதழின் பாடமாக இதையே எடுத்துக் கொண்டோம்.

அந்த அம்மாவின் மகள் சென்னையில் கோட்டூர்புரத்தில் இருக்கிறார். அண்ணா நூற்றாண்டு நூலகத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், ஆற்றுப் பக்கமாக உள்ள அடுக்குக் குடியிருப்பில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது தண்ணீர் புகுந்த பகுதி அது. மூன்று வீடுகளில் வேலை. பாத்திரம், துணி, தரை துடைப்பது, ஒரு வீட்டில் சமையலும் உண்டு. ஒரு வருடமாக இடுப்பு வலி. ஒரு மருத்துவமனைக்குப் போனார். எலும்பில் கோளாறு இல்லை, தசைகள் பலவீனமாக இருக்கின்றன என்று சொல்லி பிசியோதெரபி பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே பந்து வைத்து நாலு பயிற்சி கற்றுக் கொடுத்து, "வீட்டிலேயும் ஒரு பந்து வாங்கிச் செய்யலாம்" என்றார்கள். எந்த அளவு என்று அவர்களும் எழுதித் தரவில்லை, இவரும் கேட்கவில்லை.

வேலை செய்கிற ஒரு வீட்டில் நீல நிறத்தில் அப்படி ஒரு பந்து இருந்தது. ஆறடி உயரமுள்ள ஐயா ஒருவர் பயிற்சி செய்கிற பந்து. அதே மாதிரி வேண்டும் என்று இவர் சொல்ல, கணவரும் தேடிப் பிடித்து அதே மாதிரி வாங்கி வந்து விட்டார். 75 செ.மீ. பந்து. இவர் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். உட்கார்ந்தால் குதிகால் தரையைத் தொடவில்லை. நுனிக்காலில் நின்றபடி சமாளித்திருக்கிறார். மூன்றாம் நாள் பந்து பின்னால் உருண்டது, இவர் கையை ஊன்றி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. நாலு நாள் வேலைக்குப் போக முடியவில்லை, ஒரு வீட்டில் சம்பளத்தில் பிடித்துக் கொண்டார்கள்.

வேறு வேலையாகச் சென்னை போனபோது அந்த வீட்டுக்கும் போய் வந்தோம். ஒற்றை அறையில் பாதியை அடைத்துக்கொண்டு பந்து உட்கார்ந்திருந்தது. "இவரு ஆசையா வாங்கிக் குடுத்தாரு மேடம். பெருசா இருந்தா நல்லதுன்னு நெனச்சோம்" என்றார் மகள்.

இந்தப் பந்து விஷயத்தில் பெருசு நல்லதும் இல்லை, சின்னது நல்லதும் இல்லை. நம் காலுக்கு அளவான செருப்பு போலத்தான். ஊரில் எத்தனை உயர்ந்த செருப்பு இருந்தாலும் நம் காலுக்குச் சேராததை வாங்குவோமா?

பந்து எங்கிருந்து வந்தது?

உடம்பு வளைத்துப் பழகுவதற்கான இந்தப் பெரிய பிளாஸ்டிக் பந்தை 1963-ல் இத்தாலி நாட்டில் அக்விலினோ கொசானி என்ற பிளாஸ்டிக் தொழில்காரர் செய்தார். பக்கத்து நாடான சுவிட்சர்லாந்தில் வேலை செய்த மேரி குவின்டன் என்ற ஆங்கிலேய பிசியோதெரபிஸ்ட் அதைப் பச்சிளங் குழந்தைகளுக்கான சிகிச்சையில் பயன்படுத்தினார். பிறகு அதே நாட்டில் பாசல் நகரத்தில் சுசான் க்ளைன்-ஃபோகல்பாக் என்ற அம்மையார் பெரியவர்களின் முதுகு, இடுப்புக் கோளாறுகளுக்குக் கொண்டு வந்தார். அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்த சிகிச்சையாளர்கள் "சுவிஸ் பந்து" என்று பெயர் வைத்து எடுத்துப் போனார்கள். செய்தது இத்தாலிக்காரர், பெயர் மட்டும் சுவிஸ்காரருக்கு!

இதை ஏன் சொல்கிறோம் என்றால், இது பணக்கார வீட்டு விளையாட்டுச் சாமான் இல்லை. நடக்க முடியாத, உட்கார முடியாத பிள்ளைகளுக்காகச் சிகிச்சை அறையில் வளர்ந்த சாமான். ஜிம்முக்கும் டிவி விளம்பரத்துக்கும் போனது பிறகுதான். மகள் குடியிருக்கும் அதே கோட்டூர்புரத்தில் ரஞ்சித் சாலையில் வித்யா சாகர் என்ற நிறுவனம் இருக்கிறது. 1985-ல் பூனம் நடராஜன் என்ற தாயார் தொடங்கியது. செரிபிரல் பால்சி என்கிற மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்கும் மற்ற ஊனமுற்றோருக்கும் கல்வி, சிகிச்சை, உரிமை என்று வேலை செய்கிறார்கள். பொதுவாக இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான தெரபி அறை எதற்குள் நுழைந்தாலும் பந்தைப் பார்க்கலாம். பிள்ளையைக் கவிழ்த்துப் படுக்க வைத்து மெதுவாக உருட்டும்போது தலையைத் தூக்கப் பழகும், கையை ஊன்றப் பழகும். எந்தப் பிள்ளைக்கு எந்தப் பந்து என்பதை அங்கே சிகிச்சையாளர் தீர்மானிக்கிறார். நம் குழுக்களிலும் அப்படிப்பட்ட பிள்ளை உள்ள தாய்மார் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பாடத்தில் வரும் உயரக் கணக்கு பெரியவர்களுக்கு மட்டும். பிள்ளைக்கு நீங்களாகப் பந்து வாங்காதீர்கள். நிலக்கடலை வடிவத்தில் நடுவில் ஒடுங்கிய பந்துகூட உண்டு, அது பக்கவாட்டில் உருளாது. எது வேண்டும் என்று சிகிச்சையாளர் சொல்லட்டும்.

வலிக்கு என்ன செய்கிறது?

பந்துக்குள் மருந்து ஒன்றும் இல்லை. பலகையில் உட்கார்ந்தால் பலகை அசையாது, உடம்பு சோம்பலாக இருக்கும். பந்து அசைந்து கொண்டே இருக்கும். விழாமல் இருக்க வயிற்றின் உள்தசையும் முதுகுத்தண்டை ஒட்டிய சின்னச் சின்னத் தசைகளும் தாமாக வேலை செய்யும். தலையில் குடம் வைத்து வரப்பில் நடக்கும்போது இடுப்பு எப்படித் தானாக நிதானம் பண்ணுகிறது? அந்த மாதிரி. இந்தத் தசைகள் பலப்பட்டால் குனிந்து நிமிரும்போது எலும்பின் மேல் பாரம் குறையும்.

ஆனால் இதற்காக நாள் முழுக்கப் பந்தின் மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. நாற்காலிக்குப் பதில் பந்து என்று சிலர் சொல்வார்கள். நெடுநேரம் உட்கார்ந்தால் முதுகு களைத்துப் போய் வலி கூடத்தான் செய்யும். ஆரம்பத்தில் ஐந்து நிமிஷம், பழகிய பிறகு பதினைந்து இருபது நிமிஷம். அது போதும்.

அளவு பார்ப்பது எப்படி?

பெட்டியின் மேல் 45, 55, 65, 75 என்று ஒரு எண் இருக்கும். அது முழுக்கக் காற்று அடித்த பிறகு பந்தின் உயரம், செ.மீ. கணக்கில். பொதுவாகச் சொல்லும் அளவு இது. ஐந்தடிக்குக் குறைவானவர்களுக்கு 45. ஐந்தடி முதல் ஐந்தரை அடி வரை 55. அதற்கு மேல் ஆறடி வரை 65. ஆறடிக்கு மேல் 75. கம்பெனிக்குக் கம்பெனி ஒன்று இரண்டு அங்குலம் முன்னே பின்னே இருக்கும், அதனால் பெட்டியில் போட்டிருக்கும் அட்டவணையையும் ஒரு தடவை படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்தியப் பெண்களின் சராசரி உயரம் ஏறக்குறைய ஐந்தடிதான். ஆக நமக்கு 45 அல்லது 55. கடையிலோ 65-ம் 75-ம்தான் முதலில் எடுத்துக் காட்டுகிறார்கள். "எல்லாருக்கும் இதான் போகுது" என்பார்கள். எல்லாருக்கும் என்றால் ஆண்களுக்கு என்று அர்த்தம்! அந்தப் பேச்சில் மயங்க வேண்டாம்.

கடைக்குப் போகும் முன் உங்கள் உயரத்தை அளந்து கொள்ளுங்கள். குழுக் கூட்டத்தில் கேட்டபோது, பாதிக்கு மேல் பேருக்குத் தங்கள் உயரம் தெரியவில்லை. சிலர் அடையாள அட்டையில் இருக்குமா என்று பையைத் துழாவினார்கள். நிலைக்கதவில் முதுகைச் சாய்த்து, குதிகால் ஒட்டி, கொண்டை இல்லாமல் நின்று, தலைக்கு மேல் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சமமாக வைத்துச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டோம். தையல் தெரிந்த உறுப்பினர் டேப்பால் அளந்தார். தன் உயரம் நாலடி ஒன்பது என்று தெரிந்ததும் கேள்வி கேட்ட அம்மாவுக்கே ஆச்சரியம். "நான் அஞ்சடிக்கு மேலன்னு இவ்ளோ நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

உயரக் கணக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடல் நீளம். கடைசித் தீர்ப்பு உட்கார்ந்து பார்ப்பதில்தான் இருக்கிறது. பந்தின் நடுவில் உட்காருங்கள். இரண்டு பாதமும் குதிகாலோடு தரையில் பதிய வேண்டும். முழங்கால் கணுக்காலுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். தொடை தரைக்குச் சமமாகவோ, இடுப்பிலிருந்து முழங்காலுக்குச் சற்றே சரிந்தோ இருக்கலாம். முழங்கால் இடுப்பை விட உயர்ந்தால் பந்து சின்னது அல்லது காற்று போதவில்லை. மணைக்கட்டையில் உட்கார்ந்தது போல இடுப்பு வளைந்து வலி கூடும். குதிகால் எழும்பினால் பந்து பெரியது. உருண்டு விடும். கோட்டூர்புரத்தில் நடந்தது இதுதான்.

இரண்டு அளவுக்கும் நடுவில் வருகிறவர்கள் என்ன செய்வது? இடுப்பு வலி, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் உயரமான இருக்கைதான் வசதி, எழுந்திருக்கச் சுலபம். பாதம் முழுசாகப் பதிகிறது என்றால் பெரிய அளவை எடுக்கலாம். பதியவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், சின்னதுதான்.

"பெரிய பந்தில் காற்றைக் குறைத்துக் கொண்டால் என்ன?" என்று மகளின் கணவர் எங்களைக் கேட்டார். நல்ல கேள்வி. வாங்கிய காசு வீணாகக் கூடாது என்ற கவலை அவருக்கு. காற்றைக் குறைத்தால் உயரம் குறையும், ஆனால் பந்து தொளதொள என்று ஆகி ஆள் குழிக்குள் இறங்கி விடுவார். மெத்தையில் உட்கார்ந்தது போல இருக்கும், தசைக்கு வேலை இருக்காது. புதிதாகப் பழகும் வயதானவர்களுக்குத் தங்கள் அளவுப் பந்திலேயே காற்றைச் சற்றுக் குறைத்து வைப்பது உண்டு, உருளாமல் நிற்கும் என்பதற்காக. அது வேறு. அளவு தப்பான பந்தை அப்படிச் சரிசெய்ய முடியாது.

பெட்டியில் வேறு என்ன பார்க்க வேண்டும்?

"ஆன்ட்டி பர்ஸ்ட்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். கண்டிப்பாக வேண்டியது இது. சாதாரணப் பந்தில் ஆணி பட்டால் பலூன் போலப் பட்டென்று வெடித்து, மேலே இருப்பவர் தரையில் விழுவார். இந்த வகைப் பந்தில் ஓட்டை விழுந்தால் காற்று மெதுவாக இறங்கும், நாம் எழுந்து கொள்ள நேரம் கிடைக்கும். அதற்காக ஓட்டையே விழாது என்று அர்த்தம் இல்லை.

எத்தனை கிலோ தாங்கும் என்றும் போட்டிருப்பார்கள். பெரிய பெரிய எண்ணாக இருக்கும். அது அசையாமல் பாரம் வைத்துப் பார்த்த கணக்காக இருக்கலாம். குதித்து உட்கார்ந்தால் நம் எடை போல இரண்டு மூன்று மடங்கு பாரம் விழும். எனவே உங்கள் எடையைப் போல் பல மடங்கு தாங்குவதாக எடுங்கள், குதித்தும் உட்காராதீர்கள்.

மேல்பக்கம் ரொம்ப வழவழப்பாக இல்லாமல் சற்றுச் சொரசொரப்பாக, வரிவரியாக இருந்தால் நல்லது. வியர்வையில் வழுக்காது. மூக்கைத் துளைக்கும் வாடை அடித்தால் நாலு நாள் காற்றாட வைத்துப் பாருங்கள், போகவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். பம்ப்பும் இரண்டு அடைப்பானும் கூடவே வருகிறதா என்று பாருங்கள். அடைப்பான் விரல் நுனி அளவுதான், தொலைந்தால் பந்து சும்மா. ஒன்றை மஞ்சள் டப்பாவிலோ எங்கோ பத்திரமாக வையுங்கள்.

விலை சில நூறு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறது. விலை கூடினால் பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும், அவ்வளவே. தப்பான அளவில் உயர்ந்த விலைப் பந்தை விட, சரியான அளவில் சாதாரணப் பந்து மேல். "மெடிசின் பால்" என்று கேட்டு வாங்கி விடாதீர்கள். அது தூக்கி எறிந்து பழகும் கனமான பந்து, உட்காருவதற்கு இல்லை. கையளவில் வரும் சின்ன மெத்துப் பந்தும் வேறு உபயோகத்துக்கு.

காற்று அடிப்பதில் ஒரு சூட்சுமம்

வாங்கிய அன்றே முழுக்க அடிக்கக் கூடாது. முதல் நாள் முக்கால் பாகத்துக்குச் சற்று மேல் அடித்து, அடைப்பானைப் போட்டு ஒரு ராத்திரி ஒரு பகல் விட்டு விடுங்கள். பிளாஸ்டிக் நெகிழ்ந்து கொடுக்கும். மறுநாள் மீதியை அடியுங்கள். பெட்டியில் கொடுத்த கை பம்ப்பே போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸரில் அடிக்க வேண்டாம், காற்று வேகமாக ஏறி அளவு தாண்டிப் போய் விடும்.

சரியான அளவுக்கு வந்து விட்டதா என்று எப்படித் தெரியும்? சுவரில் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் கோடு போட்டு, பந்தைச் சுவரோரம் வைத்து, மேலே ஒரு பலகையைச் சமமாக வைத்துப் பார்க்கலாம். இதை விடச் சுலபம் கயிறு. பந்தின் வயிற்றைச் சுற்றிக் கயிறு கட்டி அளந்தால், 45 பந்துக்கு 141 செ.மீ., 55 பந்துக்கு 173 செ.மீ., அதாவது ஐந்தடி எட்டு அங்குலம் வரும். 65 பந்துக்கு 204 செ.மீ. அந்த நீளத்துக்குக் கயிறை வெட்டி முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டி விடுங்கள். மாதம் ஒரு தடவை சுற்றிப் பார்த்தால் காற்று இறங்கியது தெரிந்து விடும். இந்த யோசனை எங்களுடையது இல்லை, மூட்டை அளந்து பழகிய ஒரு உறுப்பினருடையது. கூட்டத்தில் கை தட்டினோம்.

நம் வீட்டுக்கு ஏற்றபடி

பெட்டிக்குள் இருக்கும் படத்தில் ஒரு பெண் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டு பளிங்குத் தரையில் உட்கார்ந்திருப்பாள். நம் வீடு அப்படி இல்லை.

முதலில் ஊக்கு. தாலிக் கயிற்றில், வளையலில் ஊக்கு மாட்டி வைக்காத பெண் நம்மில் யார்? பயிற்சிக்கு முன் எல்லா ஊக்கையும் கழற்றி ஆணியில் மாட்டுங்கள். மெட்டி, கொலுசின் கூரான முனையும் கவனிக்க வேண்டியது. தரையில் மணல், கல் இருந்தால் பெருக்கி விட்டு ஜமுக்காளம் விரியுங்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும், அங்கே ஜமுக்காளம்கூட நழுவும். சுவரை ஒட்டி விரித்தால் நகராது. தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பந்தைத் தொடாதீர்கள். புடவை என்றால் நடவுக்குப் போவது போல வரிந்து கட்டிக் கொள்ளுங்கள். முந்தானை பந்துக்கும் காலுக்கும் நடுவே போனால் ஆபத்து. சுடிதார் இருந்தால் நல்லது. நைட்டி வேண்டாம்.

பந்து உருளாமல் நிற்க ஒரு வழி. பழைய புடவையை முறுக்கிப் பெரிய சும்மாடு செய்து தரையில் வைத்து அதன் மேல் பந்தை வையுங்கள். குடம் எப்படி நிற்கிறதோ அப்படி நிற்கும். பழகும் வரை சும்மாட்டிலேயே உட்காரலாம். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். அடுப்பு, அரிவாள்மனை, வெயில் மூன்றும் பந்துக்கு ஆகாது. ஓட்டை விழுந்த பந்தைச் சைக்கிள் ட்யூப் போல ஒட்டுப் போட்டு உட்காராதீர்கள். பிள்ளைகளுக்கு விளையாடவும் கொடுக்காதீர்கள், பெரியவர்கள் இல்லாத நேரம் பார்த்து மேலே ஏறி நிற்பார்கள்.

பயிற்சியைப் பற்றிக் கொஞ்சம் மட்டும். உட்கார்ந்து பாதம் பதித்து, இடுப்பை மட்டும் முன்னும் பின்னும், பிறகு பக்கவாட்டில் மெதுவாக அசைப்பது முதல் பாடம். அது பழகிய பிறகு சுவருக்கும் முதுகுக்கும் நடுவில் பந்தை வைத்துச் சாய்ந்து, பாதி உட்கார்ந்து எழுவது. அப்புறம் மல்லாந்து படுத்துக் கெண்டைக்காலைப் பந்தின் மேல் போட்டு இடுப்பைச் சற்றுத் தூக்கி இறக்குவது. மூச்சைப் பிடிக்கக் கூடாது. இதற்கு மேல் உள்ளதை உங்களை நேரில் பார்த்த பிசியோதெரபிஸ்ட்டே சொல்லித் தரட்டும்.

யார் செய்யக் கூடாது?

இடுப்பு வலியோடு கால் மரத்துப் போகிறது, காலில் வலு குறைகிறது, சிறுநீர் மலம் அடக்க முடியவில்லை, காய்ச்சல் வருகிறது, காரணமில்லாமல் உடம்பு இளைக்கிறது, அல்லது விழுந்த பிறகு வந்த வலி என்றால் பந்தும் வேண்டாம், நாட்டு எண்ணெயும் வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள். தலைச்சுற்றல் உள்ளவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள், சமீபத்தில் சிசேரியனோ கர்ப்பப்பை ஆபரேஷனோ ஆனவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகள் உட்கார்ந்து அசைவதற்கும் இந்தப் பந்து உபயோகப்படுகிறது, பிரசவ வார்டிலும் சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். ஆனால் நஞ்சு இறக்கம், உதிரப்போக்கு, முன்கூட்டியே வலி என்று ஏதாவது சொல்லியிருந்தால் கூடாது. செவிலியரைக் கேட்டு, பிடித்துக் கொள்ள ஆள் வைத்துத்தான் உட்கார வேண்டும்.

பந்துக்காக உள்கடன் எடுக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கும் பயிற்சியைப் பாயில் செய்தாலும் பலன் உண்டு. பந்து இருந்தால்தான் உடம்பு சரியாகும் என்பதில்லை. முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பதுதான் முக்கியம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் சேர்க்கப்பட்டது. அதில் தன்னார்வலராகப் போனவர்களில் நம் சுய உதவிக் குழுப் பெண்கள் நிறையப் பேர். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

குழுவுக்குப் பொதுவாக ஒன்று வாங்கலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. அளந்து பார்த்த உயரங்களை வைத்துப் பார்த்தால் ஒரே பந்து எல்லோருக்கும் சேராது. குறைந்தது இரண்டு வேண்டும், ஒரு 45, ஒரு 55. யார் வீட்டில் வைப்பது என்று அரை மணி நேரம் பேசியும் முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம்.

கோட்டூர்புரத்து மகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடைக்காரர் பந்தைத் திருப்பி எடுக்கவில்லை. வேலை செய்கிற வீட்டு அம்மா தன் உயரமான மகனுக்கு என்று பாதி விலைக்கு வாங்கிக் கொண்டார். மீதியைப் போட்டு 55 பந்து வாங்கினார்கள். வாங்கும் முன்பே கடையில் காற்று அடிக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றி விட்டு உட்கார்ந்து பார்த்துத்தான் காசு கொடுத்தாராம். கடைப் பையன் சிரித்தானாம், இவர் கண்டுகொள்ளவில்லை. கை வீக்கம் வடிந்து விட்டது. ராத்திரி எட்டரை மணிக்குப் பாத்திரம் கழுவி விட்டு, பந்தைச் சும்மாட்டில் வைத்துப் பத்து நிமிஷம். வலி முழுசாகப் போகவில்லை, காலையில் எழுந்திருக்கும்போது முன்னைப் போல் பிடித்துக்கொள்வதில்லை என்கிறார்.

அவர் அம்மா ஊரிலிருந்து போனபோது ஆசைப்பட்டு அதே பந்தில் உட்கார்ந்து பார்த்தாராம். நாலடி ஒன்பது அங்குலம் அல்லவா, குதிகால் எழும்பி விட்டது. "எழுந்திரும்மா, உனக்கு இது நாப்பத்தஞ்சு" என்று மகள் கையைப் பிடித்துத் தூக்கி விட்டாராம்.